தம் தம்... டப்!

தரையில் இரண்டு மிதி, அடுத்து ஒரு கைதட்டல். தம் தம்... டப்! கிரிக்கெட் மைதானத்தில் இந்தத் தாளத்தைக் கேட்டிருப்பீர்கள். இங்கிலாந்தின் ‘குயீன்’ ராக் குழு 1977-இல் வெளியிட்ட ‘வீ வில் ராக் யூ’ பாட்டு இப்படித்தான் தொடங்கும். பாடியவர் ஃபிரெடி மெர்குரி; நம் நாட்டின் பஞ்சகனியில் பள்ளிப் படிப்பு படித்தவர்.

அந்தப் பாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அவர் குரல் வருவதற்கு முந்தைய சில நொடிகள்தான். டிரம்ஸ் கிடையாது. ஆயிரம் பேர் மிதிப்பது போல இருக்கும். உண்மையில் மிதித்தவர்கள் ஒரு சிலரே!

அது எப்படி என்பதற்கு விடை அம்பத்தூர் ரயில் நிலையத்திலேயே இருக்கிறது. நடைமேடை நெடுக ஒலிபெருக்கிகள். எல்லாவற்றிலும் அறிவிப்பு ஒரே நேரத்தில்தான் கிளம்புகிறது. தலைக்கு மேலே இருப்பது சட்டென்று காதில் விழும். 70 மீட்டர் தள்ளி இருப்பதன் குரல் வந்து சேர 0.2 நொடி ஆகும். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர்தான் போகும். அதனால்தான் அறிவிப்பில் வரும் ‘ஆவடி’ என்ற ஊர்ப்பெயர் ‘ஆவடி... வடி... வடி’ என்று இழுபடுகிறது.

பெரிய கூட்டத்தின் கைதட்டலும் அப்படித்தான். பக்கத்தில் இருப்பவர் தட்டியது முதலில், கடைசி வரிசைக்காரர் தட்டியது பிறகு. அந்தச் சின்னச் சின்னத் தாமதங்களை வைத்துத்தான் நம் மூளை “அடேயப்பா, எவ்வளவு கூட்டம்!” என்று முடிவு கட்டுகிறது.

பாட்டை எழுதிய கிதார் கலைஞர் பிரையன் மே இயற்பியல் படித்தவர். ஒலிப்பதிவுக் கூடத்தில் கிடந்த பழைய பலகைகளில் அங்கிருந்த எல்லோரும் மிதித்தார்கள். அதைப் பலமுறை பதிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஒவ்வொன்றும் வெவ்வேறு தூரத்திலிருந்து வருவது போலத் தாமதமும் கொடுத்தார். அந்தத் தூரங்களுக்கு 7, 11, 13 போன்ற பகா எண்களைத் தேர்ந்தெடுத்தாராம்! வகுப்பில் படிக்கும் பகா எண் ஒரு ராக் பாட்டுக்குள் இருப்பது எவ்வளவு அழகு! இசைக்காகப் பாதியில் விட்ட வானியல் ஆய்வை முடித்து 2007-இல் முனைவர் பட்டமும் வாங்கினார்.

ஆவடியோ பூந்தமல்லியோ, அருகில் பெரிய மைதானம் இருந்தால், நண்பரை 175 மீட்டர் தள்ளி நின்று பறை அடிக்கச் சொல்லுங்கள். குச்சி தோலில் படுவதைப் பார்த்து அரை நொடி கழித்துத்தான் சத்தம் கேட்கும். செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்!