ஆள் காட்டாத வினை

தமிழில் ‘படித்தேன்’ என்னும் ஒரு சொல்லே முழுத்தொடராக நிற்கும். படித்தவர் யார் என்பதை அச்சொல்லின் விகுதி உணர்த்திவிடும். ஜப்பானிய மொழியில் இதற்கு நேரான வினை ‘யொந்தா’. ஆயின் அது படித்தேன், படித்தாய், படித்தான், படித்தாள், படித்தார்கள் ஆகிய அனைத்துக்கும் பொது. திணை, பால், எண், இடம் ஆகிய எதனையும் ஜப்பானிய வினைமுற்று விகுதியால் காட்டுவதில்லை. காலமும் இரண்டே: இறந்தகாலம் ஒன்று, நிகழ்வையும் எதிர்வையும் சேர்த்துக் குறிப்பது மற்றொன்று. இதனை முதலில் கேட்கும் தமிழ் மாணவர், இம்மொழி மிக எளிது என்றே எண்ணுவார்.

அவ்வெண்ணத்தை வலுப்படுத்தும் ஒற்றுமைகளும் உள்ளன. இரு மொழிகளிலும் வினை தொடரின் இறுதியில் வரும். பகுதியின்மேல் இடைநிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும். ‘தபெ–சசெ–ரரெ–தா’ என்பதில் உண்ணுதல், பிறவினை, செயப்பாடு, இறந்தகாலம் என்னும் பொருள்கள் எந்த முறையில் அடுக்கப்பட்டுள்ளனவோ, அதே முறையில்தான் ‘உண்பிக்கப்பட்டேன்’ என்பதும் அமைந்துள்ளது. ‘படித்துப் பார்’ என்பது ‘யொந்தெ மிரு’. ‘படித்து வை’ என்பது ‘யொந்தெ ஒகு’. ‘மிரு’ என்றால் பார்த்தல், ‘ஒகு’ என்றால் வைத்தல். துணைவினைகள்கூட ஒத்துப்போவது வியப்பே. ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ இரு மொழிகளுக்கும் உறவுண்டு என நெடுங்காலம் வாதிட்டார். மொழியியலாளர் பலர் அதனை ஏற்கவில்லை. அமைப்பு ஒத்திருப்பதாலேயே இரு மொழிகள் உறவுடையன ஆகிவிடா.

இடர் தொடங்கும் இடம் வினையெச்சம். ‘கிரு’ என்னும் ஒலிவடிவில் இரு வினைகள் உள்ளன. வெட்டுதல் என்னும் பொருளில் அதன் எச்சம் ‘கித்தெ’. உடுத்துதல் என்னும் பொருளில் ‘கிதெ’. (பின்னதிலும் தகரம் வல்லோசையாகவே ஒலிக்க வேண்டும்; தமிழர் நா அதனை மென்மையாக்கிவிடும்.) தமிழிலும் ‘படு’ என்பது ஒரு பொருளில் ‘பட்டு’ எனவும் மற்றொரு பொருளில் ‘படுத்து’ எனவும் வருவதைக் காணலாம். எந்த வினை எவ்வகையைச் சார்ந்தது என்பதை வடிவத்தைக் கொண்டு மட்டும் எப்போதும் அறிய இயலாது. பார்வையிழந்த இலக்கண அறிஞர் மொதோரி ஹருனிவா, வினைத்திரிபுகளை வகைப்படுத்தி எழுதிய நூல் 1808இல் வெளிவந்தது. பல கவர்களாகப் பிரியும் வழியைச் சுட்டும் சொல்லையே அவர் அந்நூலின் தலைப்பில் அமைத்தார். பொருத்தமான பெயர்தான்.

செயப்பாட்டுவினையோ வேறொரு வியப்பு. ‘மழை பெய்தது’ என்பதில் செயப்படுபொருள் இல்லை. ஆகவே தமிழில் அதனைச் செயப்பாட்டுவினையாக்க முடியாது. ஜப்பானியர் ‘அமெ நி ஃபுரரெதா’ என்பர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘மழையால் பெய்யப்பட்டேன்’ என்றாகும். மழையில் அகப்பட்டு அல்லலுற்றேன் என்பதே அதன் கருத்து. நேர்ந்த துன்பத்தை வினையின் வடிவமே சொல்லிவிடுகிறது.

எல்லாவற்றினும் கடினமானது மதிப்புரவு வினை. இறைவன் வந்தான் என்பதற்கு ‘எழுந்தருளினான்’ எனத் தனிச்சொல் தமிழில் உண்டு. ஜப்பானிய மொழியில் இத்தகைய சொற்கள் அன்றாட வழக்கில் உள்ளவை. ‘குரு’ என்பது வருதல். மதிப்பிற்குரியவர் வருவதை ‘இரஷ்ஷரு’ என்றும், தாம் வருவதைப் பணிவுடன் ‘மைரு’ என்றும் கூறுவர். வெளியார் ஒருவரிடம் பேசும் பணியாளர், தம் நிறுவனத் தலைவரின் வருகையையும் ‘மைரு’ என்றே சொல்ல வேண்டும். தலைவர் அப்போது ‘நம்மவர்’. எதிரில் இருப்பவரே மதிப்பிற்குரியவர். தமிழர்க்கு இது எளிதில் மனம் ஒப்பாத மரபு.

இவ்வழியாகவே, விகுதி சொல்லாத ஆளை வினை குறிப்பால் உணர்த்துகிறது. ‘மைரிமசு’ என்றால் வருபவர் பேசுபவரோ அவரைச் சார்ந்தவரோ ஆவார். ‘இரஷ்ஷைமசு கா’ என்றால் ‘தாங்கள் வருகிறீர்களா’ என்னும் வினாவாகப் பெரும்பாலும் கொள்ளப்படும். இரண்டையும் மாற்றிவிடும் மாணவர், தம் வருகையைத் தாமே ‘எழுந்தருளுகிறேன்’ என்று அறிவித்தவர் ஆவார்.