மணிக்கட்டுக்கு பிளேட் வெச்சாச்சு... அதோட முடிஞ்சுதா? வயசானவங்க உஷார்!

உப்பிலியபுரம்:
பச்சமலை அடிவாரத்தில் உள்ள உப்பிலியபுரம் பகுதியில் வரப்பு, பாத்ரூம், ஈரமான வாசல் என வயசானவர்கள் வழுக்கி விழ இடத்துக்கா பஞ்சம்? விழும்போது கையை ஊன்றினால் மணிக்கட்டு எலும்பு முறியும். 1814-ல் அயர்லாந்து டாக்டர் ஆபிரகாம் காலிஸ் விவரித்ததால் இதற்கு 'காலிஸ் முறிவு' என்றே பெயர்.

ஆபரேஷன் செய்து பிளேட், ஸ்குரு வைத்து எலும்பை நேராக நிறுத்துகிறார்கள். ஆனால் கரையான் அரித்த கட்டையில் ஸ்குரு பிடிக்குமா? எலும்பு வலுவிழந்திருந்தால் அதே கதைதான். ஸ்குரு தளரலாம், எலும்பு உள்வாங்கி கை கோணலாம். ஸ்குரு முனை உரசி விரலை இயக்கும் தசைநார் அறுந்துபோவதும் உண்டு.

65 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ஆபரேஷன் கட்டாயமில்லை. மாவுக்கட்டு போட்டவர்களுக்கும் ஒரு வருடத்தில் கை ஏறக்குறைய அதே அளவு வேலை செய்வதாக ஆய்வுகள் சொல்கின்றன. எது சரி என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

50 வயசுக்கு மேல் சும்மா வழுக்கி விழுந்ததுக்கே கை முறிந்தால், அது எச்சரிக்கை மணி. அடுத்து இடுப்பு எலும்பு முறியும் ஆபத்து அதிகம். 'டெக்ஸா' ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை நோய். இதற்கு மாத்திரை, ஊசி உண்டு. கேழ்வரகுக் களி, பால், காலை வெயில், நடை ஆகியவையும் கைகொடுக்கும்.

கட்டுப் போட்ட மறுநாளே விரல்களை மடக்கி நீட்டணும். எண்ணெய் போட்டு நீவக்கூடாது. விரல் மரத்துப்போனாலோ, நீலம் பாய்ந்தாலோ, கட்டைவிரல் திடீரென நீட்ட வராவிட்டாலோ 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.