பர்கர் சாப்பிட்ட பிள்ளை மருத்துவமனையில்: இழப்பீடு கேட்க முடியுமா?

வெள்ளிக்கிழமை இரவு பசார் மாலாமில் வாங்கிய பர்கர். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பையன் நன்றாகத்தான் இருந்தான். திங்கட்கிழமை வயிற்று வலி, செவ்வாய் காலை இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. அம்மா, ஞாயிறு மதியம் கல்யாண வீட்டில் சாப்பிட்ட கோழிக் குழம்புதான் காரணம் என்கிறார். அப்பா, திங்கட்கிழமை பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சாப்பிட்ட மீகோரெங் என்கிறார். பர்கரை யாரும் நினைக்கவில்லை. பர்கர் சுற்றியிருந்த தாள் என்றோ குப்பைக்குப் போய்விட்டது.

இப்படி ஒரு வீட்டில் நடந்ததாக வைத்துக்கொள்வோம். அந்தக் குடும்பம் வழக்குப் போடலாமா? சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் நச்சுணவு வழக்குகள் நீதிமன்றத்தில் தோற்பதைவிட, வீட்டுக் குப்பைத் தொட்டியிலும் கழிப்பறையிலும் தோற்பதுதான் அதிகம். முதல் இரண்டு மூன்று நாளில் ஆதாரத்தைக் காப்பாற்றாதவருக்குப் பிறகு எந்த வழக்கறிஞரும் பெரிதாக உதவ முடியாது.

முதலில் அரைத்த இறைச்சியைப் பற்றிக் கொஞ்சம். முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். சட்டி சூட்டில் அவை செத்துவிடும். அதையே இயந்திரத்தில் அரைக்கும்போது மேலே இருந்தது உள்ளே போய்விடுகிறது. ஒரு பர்கர் வில்லையில் பல மாடுகளின் இறைச்சி கலந்திருக்கும். அவற்றில் ஒன்றின் குடலிலிருந்து பட்ட அழுக்கு போதும், முழுக் கலவையும் கெட்டுவிடும். அதனால்தான் அரைத்த மாட்டிறைச்சியின் நடுப்பகுதி 71 பாகை செல்சியஸ் வரை சூடேற வேண்டும் என்கிறார்கள். வெளியே கருகியிருப்பதோ உள்ளே நிறம் மாறியிருப்பதோ வெந்ததற்கு அத்தாட்சி இல்லை. நம்மில் பலர் மாட்டிறைச்சியைத் தொடுவதில்லை. ஆனால் ஆட்டுக் கொத்துக்கறிக்கும் இதே விதிதான், கோழி பர்கருக்கு 74 பாகை வேண்டும். கோழியில் பெரும்பாலும் வேறு கிருமி, சால்மொனெல்லா.

இந்த விஷயத்தில் உலகத்தையே உலுக்கிய வழக்கு அமெரிக்காவில் நடந்தது. 1993-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஜேக் இன் தி பாக்ஸ் என்ற துரித உணவு நிறுவனத்தின் பர்கர்களைச் சாப்பிட்ட 700-க்கும் மேற்பட்டோர் நோய்வாய்ப்பட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பலர் வாஷிங்டன் மாநிலத்தவர், பிள்ளைகள் அதிகம். நான்கு குழந்தைகள் இறந்தன. கிருமியின் பெயர் ஈ-கோலி ஓ157. வயிற்றுப்போக்கோடு நிற்காமல், சிறு பிள்ளைகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும் கிருமி இது.

வழக்கில் அந்த நிறுவனத்தை மாட்டிவிட்டது ஒரு வெப்ப அளவு. வாஷிங்டன் மாநில விதி இறைச்சி 68 பாகை வரை வேக வேண்டும் என்றது. நிறுவனமோ மத்திய அரசு அப்போது சொன்ன 60 பாகையைப் பின்பற்றியது. அந்த எட்டு பாகைக்கு விலையாக நிறுவனம் பல மில்லியன் டாலர் கொடுத்தது. பல வாரம் நினைவிழந்து கிடந்து பிழைத்த ஒரு சிறுமிக்கு மட்டும் 15.6 மில்லியன். 1994-இல் அமெரிக்க அரசு, இந்தக் கிருமி உள்ள அரைத்த மாட்டிறைச்சியையே கலப்பட உணவு என்று அறிவித்தது.

பெற்றோரின் கண்ணீர் மட்டும் அந்த வழக்குகளை வெல்லவில்லை. பிள்ளைகளின் மலத்தில் கிடைத்த கிருமியும், கடைகளிலிருந்து திரும்பப் பெற்ற இறைச்சியில் கிடைத்த கிருமியும் ஒன்றே என்று ஆய்வுக்கூடம் காட்டியது. மலப் பரிசோதனை செய்திருக்காவிட்டால் 700 பேரும் 'ஏதோ வயிற்றுக் கோளாறு' என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

நம் ஊரில் நடக்கும் முதல் தவறே இங்குதான். கடைசியாகச் சாப்பிட்டதையே நாம் குற்றவாளி ஆக்குகிறோம். ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு காலக்கணக்கு உண்டு. சாப்பிட்டு ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால், வெளியில் நெடுநேரம் கிடந்த சோற்றிலோ நாசி கோரெங்கிலோ கிருமி விட்ட நஞ்சாக இருக்கலாம். சால்மொனெல்லா பெரும்பாலும் அரை நாளிலிருந்து ஒன்றரை நாளில் தெரியும், சிலருக்கு மூன்று நாள் ஆகும். ஈ-கோலி ஓ157 வழக்கமாக மூன்று நான்கு நாள், சில வேளை ஒரு வாரத்துக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். ஆகவே நோய் தொடங்கிய நேரத்திலிருந்து பின்னோக்கி ஒரு வாரத்துக்குச் சாப்பிட்டது அத்தனையையும், நேரம், இடம், கூடச் சாப்பிட்டவர் பெயரோடு அன்றே எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதுவதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஐந்து நிமிடத்தில் கிழித்துவிடுவார்.

அடுத்தது கிளினிக். 'வயிறு சரியில்லை' என்று மட்டும் சொல்லி எம்.சி. வாங்கி வந்தால் பதிவேட்டில் அது மட்டும்தான் இருக்கும். உணவினால் வந்ததாகச் சந்தேகப்படுகிறேன், மலப் பரிசோதனை செய்ய முடியுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். மருந்துக் கடையில் ஆண்டிபயாட்டிக் வாங்கி விழுங்கிவிட்டுப் போனால் பரிசோதனையில் கிருமி அகப்படாமல் போகலாம். ஓ157 விஷயத்தில் அது சிறுநீரகத்துக்கும் ஆபத்து என்பதால் மருத்துவர்களே அந்த மருந்தைத் தவிர்ப்பார்கள். இரத்தம் கலந்து போனாலோ, பிள்ளைக்குச் சிறுநீர் குறைந்து முகம் வெளுத்தாலோ, இந்த ஆதாரக் கணக்கையெல்லாம் ஒதுக்கிவிட்டு நேரே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, நச்சுணவு என்று சந்தேகிக்கும் மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் தெரிவித்தாரா என்று கேட்பதில் தப்பில்லை. நீங்களே அந்த அலுவலகத்துக்குப் போயும் புகார் கொடுக்கலாம். அதிகாரிகள் வந்து கடையில் மாதிரி எடுத்தால், அதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. ஒருவருக்கு மேல் பாதிக்கப்பட்டிருந்தால் அவர்களையும் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். 2009-இல் சிங்கப்பூர் கேலாங் சிராயில் ஓர் இந்திய ரோஜாக் கடையில் சாப்பிட்ட 154 பேர் பாதிக்கப்பட்டு இருவர் இறந்தபோது, அத்தனை நோயாளிகளையும் ஒரே கடையோடு சேர்த்தது, எல்லாரும் எதைச் சாப்பிட்டார்கள் என்ற பட்டியல்தான்.

மீந்த உணவு இருந்தால் பையில் கட்டி, தேதி எழுதி, குளிர்பெட்டியில் வையுங்கள். கடையில் வாங்கிய உறைந்த வில்லை என்றால் அதன் பொட்டலத்தை எறியாதீர்கள். தயாரிப்பு எண்ணும் காலாவதித் தேதியும் அதில்தான் இருக்கின்றன. ரசீது தராத அங்காடிக் கடையில் கைப்பேசி வழியாகப் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவே ரசீது.

இன்னொன்று. ஆத்திரத்தில் கடைப் பெயரையும் படத்தையும் போட்டு முகநூலில் எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆய்வுக்கூட முடிவு வருமுன் அப்படி எழுதி, கடைசியில் குற்றவாளி வேறு உணவு என்று தெரிந்தால், அவதூறு வழக்கில் பிரதிவாதியாக நிற்பது நீங்கள்தான்.

எந்தக் கதவைத் தட்டுவது? இதில்தான் நம் மக்கள் அதிகம் குழம்புகிறார்கள். சுகாதார அமைச்சு 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் கடையை 14 நாள் வரை மூட வைக்கலாம். உடல்நலத்துக்குக் கேடான உணவை விற்றது நிரூபணமானால் ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதம், பத்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். ஆனால் அந்த அபராதம் அரசாங்கத்துக்குப் போகிறது. கடையை மூடிவிட்டார்கள், நமக்குப் பணம் எப்போது வரும் என்று காத்திருப்பவருக்கு ஒரு காசும் வராது. இழப்பீட்டுக்குத் தனியாகத்தான் கோர வேண்டும்.

சரி, ஐந்து ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரை கேட்கலாமே, பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்பார்கள். பழுதான சலவை இயந்திரத்துக்கு அது அருமையான இடம். ஆனால் உடல் காயம், மரணம் சம்பந்தப்பட்ட கோரிக்கைகளை அந்த மன்றம் விசாரிக்க முடியாது என்று 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. பர்கரின் விலையை அங்கே திரும்பக் கேட்கலாம். பிள்ளை பட்ட வேதனைக்குக் கேட்க முடியாது. இது தெரியாமல் மாதக்கணக்கில் அங்கே அலைவது வீண்.

அதற்கு நீதிமன்றம்தான். 5,000 ரிங்கிட் வரை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு. 198-ஆம் பாரம் நிரப்பி, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம். ஒரு லட்சம் வரை மாஜிஸ்திரேட், பத்து லட்சம் வரை செஷன்ஸ் நீதிமன்றம்.

யார் மேல் வழக்கு என்பது அடுத்த கேள்வி. கடையில் நீங்களே வாங்கியிருந்தால் விற்றவரோடு உங்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. கல்யாணத்தில், கோவில் விருந்தில் சாப்பிட்டவர் எதையும் வாங்கவில்லையே? இதற்குப் பதில் 1928-இல் ஸ்காட்லாந்தின் பேஸ்லி நகரில் ஒரு ஜிஞ்சர் பீர் புட்டியில் கிடைத்தது. புட்டியை வாங்கியது தோழி, குடித்தது டோனஹியூ என்ற பெண்மணி. உள்ளே அழுகிய நத்தை இருந்தது என்பது அவர் புகார். வாங்காதவருக்கும் தயாரிப்பாளர் பொறுப்பு உண்டு என்று 1932-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நத்தை உண்மையில் இருந்ததா என்பது கடைசி வரை நிரூபிக்கப்படவே இல்லை என்பது வேறு கதை. அந்த ஆங்கிலப் பொதுச் சட்டம் நம் நீதிமன்றங்களிலும் செல்லும். விருந்தினர் சமையல்காரர் மேல் கவனக்குறைவு வழக்குப் போடலாம்.

தொழிற்சாலையில் தயாரான வில்லை என்றால் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் பத்தாம் பாகம் இன்னும் வலுவான ஆயுதம். தயாரிப்பாளரின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. பொருளில் குறை இருந்தது, அதனால் பாதிப்பு வந்தது என்று காட்டினால் போதும். தம் பெயரைப் போட்டு விற்பவரும் இறக்குமதி செய்பவரும் இதில் மாட்டுவார்கள். 'நிறுவனம் பொறுப்பல்ல' என்று பொட்டலத்தில் அச்சடித்திருந்தாலும் அது செல்லாது. அவர்களுடைய பதில் எப்படி இருக்கும் என்றால், எங்களிடமிருந்து போனபோது சரியாக இருந்தது, கடைக்காரர்தான் சரியாக வேகவைக்கவில்லை என்பார்கள். கடைக்காரர் விரலைத் தொழிற்சாலை பக்கம் நீட்டுவார். அதனால் இருவரையும் சேர்த்தே வழக்கில் இழுப்பதுதான் வழக்கம்.

எவ்வளவு கிடைக்கும்? அமெரிக்க மில்லியன்களை மறந்துவிடுங்கள். இங்கே நஷ்டத்தைப் பில்லால் காட்ட வேண்டும்: மருத்துவச் செலவு, போக்குவரத்து, போன சம்பளம். வேதனைக்குத் தனித் தொகை நீதிமன்றம் நிர்ணயிக்கும். நாள் சம்பளத்துக்கு வெட்டுகிற தோட்டத் தொழிலாளி என்றால் எம்.சி.யோடு சம்பளச் சீட்டும் வேண்டும். அரசாங்க மருத்துவமனையில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு போயிற்று என்றால், என் கருத்தில், சிறு கோரிக்கை வழக்குக்கு மேல் போவது கைப்பணத்தைக் கரைக்கும் வேலை. தள்ளுவண்டிக்காரர் மேல் தீர்ப்பு வாங்கினாலும் அவரிடம் கொடுக்கப் பணம் இருக்காது. சிறுநீரகம் கெட்டது, நீண்ட சிகிச்சை, மரணம் என்றால் கதையே வேறு. அப்போது வழக்கறிஞர் அவசியம்.

'ஜெயித்தால் எனக்கு முப்பது விழுக்காடு, தோற்றால் ஒன்றும் வேண்டாம்' என்று வார்டில் வந்து பேசும் ரன்னர்களிடம் எச்சரிக்கை. அமெரிக்காவில் வழக்கறிஞர்கள் வெற்றித் தொகையில் பங்கு எடுப்பது சாதாரணம். நம் நாட்டில் 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் அதைத் தடை செய்கிறது. வசதி இல்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தைக் கேட்கலாம். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடம் யோசனை கேளுங்கள்.

காலக்கெடு: தீபகற்பத்தில் கவனக்குறைவு வழக்குக்குப் பொதுவாக ஆறு ஆண்டு. அரசாங்கப் பள்ளி விடுதியில் சாப்பிட்டு அரசாங்கத்தின் மேல் வழக்கு என்றால் 36 மாதம்தான். இறந்தவரைச் சார்ந்திருந்தோர் மரணத்திலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளைக்காகப் பெற்றோர் வழக்கு நடத்தலாம்.

கடைசியாக, நிறுவனத்தின் ஆள் ஒரு பழக்கூடையும் ஐந்நூறு ரிங்கிட்டும் ஒரு கடிதமும் கொண்டு வீட்டுக்கு வந்தால், கடிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 'முழுமையான, இறுதியான தீர்வு' என்று அதில் எழுதியிருந்தால், கையெழுத்துக்குப் பிறகு சிறுநீரகக் கோளாறு தெரிய வந்தாலும் திரும்பக் கேட்பது மிகக் கடினம். பிள்ளைக்காக நடக்கும் வழக்கைச் சமரசத்தில் முடிக்க நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லி அனுப்புங்கள்.