தெருவும் மாநகரும்

மாநகரொன்றின் வரைபடத்தை விரித்து நோக்குவார்க்குத் தெரு என்பது ஒரு கோடு. அத்தெருவிலே வாழ்வார்க்கோ அது பிள்ளைகள் விளையாடும் இடம். கடைக்காரர் முகமறிந்து கடன் கொடுக்கும் இடம். முதியோர் மாலைப்பொழுதிற் கூடியிருந்து உரையாடும் இடம். இவ்விரு பார்வைகளுள் எதுவும் பொய்யன்று. நகர் முழுவதற்கும் நீரும் ஒளியும் போக்குவரத்தும் அமைத்துத் தரவேண்டியவர்கள் வரைபடத்தை நோக்கியே ஆகவேண்டும். எனினும், கோடு வரைவோர் அக்கோட்டின்மேல் வாழ்வோரைக் கேளாது விடும்போது இடர் தோன்றுகின்றது. அங்ஙனம் கேளாது விடப்பட்ட அயலவர் ஒன்றுகூடித் தம் சொல்லைச் சபையேற்றுதல் எவ்வாறு என்பதற்கு, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நியூயோர்க் மாநகரில் நிகழ்ந்த சில போராட்டங்கள் தக்க எடுத்துக்காட்டுகளாக உள்ளன. அவற்றுள் வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு. இரண்டையும் ஒருங்குவைத்து ஆராய்ந்தாலன்றி உண்மை புலப்படாது.

அக்காலத்தில் நியூயோர்க் நகரின் அமைப்பை வகுப்பதிற் பேராற்றல் பெற்று விளங்கியவர் றொபேட் மோசஸ் என்பவர். 1934 முதல் 1960 வரை அவர் நகரப் பூங்காக்களின் ஆணையாளராய் இருந்தார். பாலங்கள், பெருந்தெருக்கள், வீடமைப்பு, சேரி ஒழிப்பு ஆகியவற்றுக்குரிய பதவிகள் பலவற்றையும் அவர் ஒருங்கே வகித்தார். ஆயினும் மக்கள் வாக்கினால் தெரிவாகிப் பெற்ற பதவி அவற்றுள் ஒன்றேனும் இல்லை. 1949ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் அவருடைய கையை மேலும் வலுப்படுத்தியது. பாழடைந்ததென நகரம் அறிவிக்கும் பகுதியை விலைக்கு வாங்கி, இடித்து, புதிதாகக் கட்டுவோருக்குக் குறைந்த விலையில் விற்பதனால் உண்டாகும் நட்டத்தில் மூன்றில் இரு பங்கை மத்திய அரசாங்கமே ஏற்கும் என அச்சட்டம் விதித்தது. நகரின் முடிவான வாக்கு மதிப்பீட்டுச் சபை எனப்பட்ட எண்மர் சபையிடம் இருந்தது. மேயர், நிதிக் கட்டுப்பாட்டாளர், நகரசபைத் தலைவர் ஆகிய மூவரும், நகரின் ஐந்து பெரும்பிரிவுகளின் தலைவர்களும் அதன் உறுப்பினராவர். ஆதலால், ஒரு தெருவின் விதி அங்கு வாழ்ந்தோர் பெரும்பாலும் முகமறியாத எண்மர் கையில் இருந்தது.

முதலில் தோல்வியை நோக்குவோம். பிறொங்ஸ் பெரும்பிரிவில் ஈஸ்ற் றிறெமன்ற் என்னும் பகுதி உண்டு. அங்கே வாழ்ந்தோரிற் பெரும்பாலார் யூதத் தொழிலாளர் குடும்பத்தினர்; செல்வர் அல்லர். வாடகை அவர்கள் தாங்கக்கூடியதாயிருந்தது. பூங்காவும் பாடசாலைகளும் அண்மையில் இருந்தன. 1952ஆம் ஆண்டு டிசம்பரில் அவர்களிற் பலருக்கு மோசஸின் கையொப்பத்துடன் கடிதம் வந்தது. பிறொங்சின் குறுக்கே செல்லவிருக்கும் விரைவுப் பெருந்தெருவுக்கு அவர்களின் வீடுகள் தேவைப்படுவதாகவும், அவர்கள் 90 நாட்களுள் வெளியேற வேண்டுமெனவும் அக்கடிதம் கூறியது. ஒரு மைல் நீளத்துள் மட்டும் 1,530 குடும்பங்கள் வீடிழக்கவிருந்தன.

அப்பகுதிப் பெண்கள் முன்னின்று சங்கம் அமைத்தனர். அவர்கள் வெறுமனே முறையிட்டாரல்லர். பொறியியலாளர் துணையுடன் மாற்றுப்பாதை ஒன்றையும் வரைந்து காட்டினர். பெருந்தெருவை அருகிலுள்ள குறொற்றோனாப் பூங்காவின் விளிம்போரமாகச் சிறிதளவு விலக்கினால், ஏறக்குறைய எல்லா வீடுகளும் தப்பும் என்பது அவ்வரைபடத்தால் தெளிவாயிற்று. எனினும், மதிப்பீட்டுச் சபை மோசஸின் பாதைக்கே இசைந்தது. மக்கள் கலைந்தனர், தெரு அமைந்தது, எஞ்சியிருந்த பகுதியும் பின்வந்த ஆண்டுகளில் நலிந்து சிதைந்தது. இந்த ஒரு மைலின் வரலாற்றை றொபேட் காரோ 1974இல் வெளியிட்ட மோசஸின் வாழ்க்கை வரலாற்று நூலிலே விரிவாக எழுதியுள்ளார்.

இனி வெற்றியை நோக்குவோம். மான்ஹற்றன் பெரும்பிரிவில், கிறீனிச் விலேஜ் என்னும் பழைய பகுதியின் நடுவே, ஏறக்குறைய 10 ஏக்கர் பரப்புள்ள வாஷிங்டன் சதுக்கப் பூங்கா அமைந்துள்ளது. ஐந்தாம் அவெனியு என்னும் பெருவீதி அப்பூங்காவின் வடபுறத்தே வந்து முடிகின்றது. அதனைப் பூங்காவினூடாகத் தெற்கே நீட்ட வேண்டுமென்பது மோசஸின் கருத்து. 1952இல் இத்திட்டம் வெளிப்பட்டபோது, நான்கு பிள்ளைகளின் தாயாகிய சேர்லி ஹேய்ஸ் அம்மையார் அயலவரைக் கூட்டிப் பூங்காக் குழு ஒன்றை அமைத்தார். வீதியைச் சிறிதாக்குக என்றோ வேறுவிதமாக வளைக்குக என்றோ அவர் கேட்கவில்லை. அக்காலத்திற் பூங்காவினுள் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளையும் விலக்கி, பூங்காவை முற்றாக மூடிவிடுமாறு கேட்டார். முதலிற் பலர்க்கு இது மிகையாகத் தோன்றியது. அதிகாரிகள் அகன்ற வீதி, ஒடுங்கிய வீதி, தாழ்ந்த வீதி எனத் திட்டத்தை மாற்றி மாற்றிக் கொணர்ந்த போதும், அவர் தம் கோரிக்கையிலிருந்து விலகினாரல்லர்.

1958இல் அப்பகுதியிலிருந்த பல சங்கத்தாரும் சேர்ந்து அவசரக் கூட்டுக்குழு ஒன்றை ஏற்படுத்தினர். பூங்காவில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்துதல் என்ற ஒன்றையே அக்குழு தன் நோக்கமாகக் கொண்டது. ஆகவே, மற்றெல்லா விடயங்களிலும் முரண்பட்டோர் இதில் மட்டும் உடன்பட்டு நிற்றல் இயன்றது. மேலும், அவர்கள் நிலையான மூடலை முதலிற் கேட்கவில்லை. பரீட்சார்த்தமாகச் சில காலம் மூடிப் பார்க்குமாறே கேட்டனர். எலினோர் றூஸ்வெல்ற் அம்மையார், நகரியல் அறிஞர் லூயிஸ் மம்போர்ட் முதலியோர் துணை நின்றனர். ஜனநாயகக் கட்சியின் செல்வாக்குமிக்க தலைவரும் அப்பகுதியிலேயே வசித்தவருமான கார்மைன் டி சாப்பியோ மதிப்பீட்டுச் சபையின்முன் தோன்றி அவர்களுக்காகப் பேசினார். தம் சொந்தத் தொகுதியிலே தம்மை எதிர்க்கும் அணி வளர்ந்துவந்த வேளையில், அயலவரின் வாக்கு அவருக்கு வேண்டியிருந்தது என்பதையும் மறத்தலாகாது. அவ்வாண்டு நவம்பர் மாதம் பூங்கா மூடப்பட்டது. சுற்றியுள்ள தெருக்கள் வண்டிகளால் நிரம்பித் திணறும் என்று அதிகாரிகள் எச்சரித்தது நிகழவில்லை. பரீட்சை நிலையாயிற்று. எஞ்சியிருந்த பஸ் வண்டிகளும் பின்னர் விலக்கப்பட்டன.

இப்போராட்டத்திற் பங்குகொண்டோருள் ஒருவர் ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையார். கட்டடக்கலைச் சஞ்சிகை ஒன்றின் ஆசிரியர் குழுவிலிருந்த அவர், அதே பகுதியில் ஹட்சன் வீதியிற் குடியிருந்தார். 1960இல் அவ்வீதியை அகலமாக்கும் பொருட்டு அதன் நடைபாதைகளைக் குறுக்குவதற்கு நகர நிர்வாகம் முற்பட்டது. அயலவர் கடைதோறும் மனு வைத்துக் கையொப்பம் திரட்டி, நகர அலுவலகங்களில் யாரிடம் பேசவேண்டுமோ அவரிடம் பேசி, அதனைத் தடுத்தனர். இவ்வனுபவங்களிலிருந்து அவர் உய்த்துணர்ந்தவற்றுள் ஒன்று 1961இல் அவர் வெளியிட்ட அமெரிக்கப் பெருநகரங்களைப் பற்றிய நூலில் உள்ளது. தெருவானது தன்னைத் தானே காத்துக்கொள்ளவும் பிள்ளைகளை வளர்க்கவும் வல்லது. ஆனால் நகர நிர்வாகத்தை எதிர்த்துத் தனித்து நிற்க அது மிகச் சிறிது. நகரமோ தெருவின் குரலைக் கேட்பதற்கு மிகப் பெரிது. இவ்விரண்டுக்கும் இடையே, பல தெருக்களை உள்ளடக்கிய வட்டாரம் என்ற ஒன்று உயிர்ப்புடன் இருத்தல் வேண்டும். தெருவின் அறிவை நகரத்துக்கும், நகரத்தின் வளத்தைத் தெருவுக்கும் கொண்டுசெல்வது வட்டாரத்தின் தொழிலாகும். வெவ்வேறு தெருவாரை ஒருவரோடொருவர் அறிமுகப்படுத்தவல்ல சிலர் அதற்குப் போதும் என்பது அவர் துணிபு.

அந்நூல் அச்சேறு முன்னரே அவருடைய சொந்த வட்டாரத்துக்கு ஆபத்து வந்தது. 1961 பெப்ரவரியில், அவர் வீடு அமைந்த மேற்கு விலேஜின் 14 தெருக்கட்டங்களைப் புனரமைப்புக்குரிய பாழ்பகுதி என ஆராயப்போவதாக நகர நிர்வாகம் அறிவித்தது. அயலவர் உடனே கூடிப் பாதுகாப்புக் குழு ஒன்றை நிறுவினர். அவர்களின் முதல் வேலை ஆர்ப்பாட்டம் அன்று, கணக்கெடுப்பு. தொண்டர்கள் வீடுவீடாகச் சென்று கட்டடங்களின் நிலை, குடும்பங்கள், தொழிலகங்கள் ஆகியவற்றை எழுதிவந்தனர். 'பாழ்' என்ற சொல்லுக்கு எதிராக விவரங்களை வைக்க அதனால் இயன்றது. ஆர்ப்பாட்டத்தையும் அவர்கள் கைவிட்டாரல்லர். இடிப்பதற்குக் குறித்த வீடுகளின் சாளரங்களிற் குறுக்குக்கோடு இடும் வழக்கத்தைச் சுட்டுவாராய், குறுக்குக்கோடிட்ட கறுப்புக் கண்ணாடி அணிந்து விசாரணைக்குச் சென்றனர். அவ்வாண்டு மேயர் தேர்தல் ஆண்டாகவும் அமைந்தது. ஒக்டோபரில் நகரத் திட்ட ஆணைக்குழு அவர்களுக்கு மாறாக முடிவு செய்தபோதும் அவர்கள் ஓயவில்லை. 1962 தொடக்கத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

வேண்டாம் என்று கூறுதல் எளிது. வேண்டுவது யாதெனக் கூறுதல் அரிது. மேற்கு விலேஜ் மக்கள் அவ்வரிய செயலையும் மேற்கொண்டனர். ஒரு குடும்பத்தையும் வெளியேற்றாது, வெற்று நிலங்களிலே அளவான வாடகையில் வீடுகள் கட்டுவதற்கான திட்டத்தைத் தாமே வகுத்து 1963இல் வெளியிட்டனர். நகர நிர்வாகத்தின் இசைவு பெறுதற்கு நீண்ட காலம் சென்றது. இறுதியில் 1970களின் நடுப்பகுதியில், மின்தூக்கியற்ற 42 சிறு கட்டடங்களாக 420 வீடுகள் அங்கே எழுந்தன.

வெற்றி பெற்றோர் கற்றோரும் வசதி படைத்தோரும் மட்டுமே எனக் கொள்ளுதலும் பொருந்தாது. மான்ஹற்றனின் தென்பகுதியைக் குறுக்காக வெட்டிச் செல்லவிருந்த பத்து வழி விரைவுப் பெருந்தெரு சுமார் 2,000 குடும்பங்களையும் பல நூறு தொழிலகங்களையும் அகற்றியிருக்கும். அதனை எதிர்த்தோருட் பெரும்பாலோர் இத்தாலியக் குடிவழியினரான எளிய மக்கள். முதலில் அவர்களை ஒன்றுதிரட்டியவர் புறூம் வீதியிலிருந்த சிறிய கத்தோலிக்க ஆலயமொன்றின் குருவாகிய லா மவுன்ரன் அடிகளார். அவர் விலேஜ் மக்களின் துணையை நாடினார். 1962 டிசம்பரில் மதிப்பீட்டுச் சபை அத்திட்டத்தைத் தள்ளியது. அது மீண்டும் உயிர்பெற்றபோது, 1968இல் ஒரு விசாரணையின்போது ஜேக்கப்ஸ் அம்மையார் கைது செய்யப்பட்டார். 1969இல் அத்திட்டம் முற்றாகக் கைவிடப்பட்டது.

ஈஸ்ற் றிறெமன்ற் மக்கள் தோற்றதும் விலேஜ் மக்கள் வென்றதும் ஏன்? முன்னவரின் வழக்கு பின்னவரின் வழக்கினும் வலியது. இங்கே காக்க நின்றது பூங்கா. அங்கே 1,530 குடும்பங்களின் இல்லங்கள். மாற்றுத் திட்டமும் அவர்களிடம் இருந்தது. ஆயின், அவர்களுக்குக் கிடைத்த காலம் குறுகியதே. பூங்காப் போராட்டத்துக்கோ ஆறு ஆண்டுகள் கிடைத்தன. அவர்களுடைய தெருவுக்கும் நகரத்துக்கும் இடையே நின்று பேச வலிமையுள்ள வட்டாரத் தொடர்பு இல்லை. பத்திரிகையாளரும் சட்டவல்லுநரும் கட்சித் தலைவரும் அவர்களின் அயலவராய் வாய்க்கவில்லை. ஆகவே, நியாயம் இருந்தமையால் மட்டும் எவரும் வென்றாரல்லர். நியாயம் கேட்கப்படுவதற்குரிய வழி சிலருக்கே திறந்திருந்தது. இது அச்சங்கத்தாரின் குறையன்று, ஆட்சிமுறையின் குறை.

அக்குறையை ஓரளவேனும் நீக்குதற்கு 1975இல் நியூயோர்க்கின் நகர சாசனம் திருத்தப்பட்டது. நகரம் முழுவதும் 59 சமுதாய மாவட்டங்களாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சபை அமைந்தது. நிலப்பயன்பாடு பற்றிய முக்கிய திட்டங்கள் முதலில் அச்சபையின்முன் வைக்கப்பட வேண்டும். பகிரங்க விசாரணை நடத்திக் கருத்துரைக்க அதற்கு 60 நாட்கள் உண்டு என்று விதிக்கப்பட்டது. சபையின் கருத்து ஆலோசனையே அன்றிக் கட்டளை அன்று. எனினும், முன்னர்ச் சிலர் தம் செல்வாக்கினாற் பெற்ற செவியை எல்லோர்க்கும் உரிமையாக்க முயன்றது அச்சீர்திருத்தம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டப்படும். தெருவைக் காக்கும் வேலி, பிறரைப் புகவிடாத மதிலாக மாறுதலும் கூடும். கிறீனிச் விலேஜ் இடிபடாது தப்பியது. ஆனால் பின்னாளில் அங்கே வாடகை பெருகி, எளியோர் குடியிருத்தற்கு அரிய இடமாயிற்று. அமெரிக்க நகரங்கள் பலவற்றில், அயலவர் சங்கங்கள் வறியோர்க்கான வீடுகளைத் தம் அருகே அமைக்கவிடாது தடுத்தமையும் உண்டு. அவையும் மனுவும் கையொப்பமும் கொண்டே தடுத்தன. கருவி ஒன்றே, பயன் வேறு.

எனவே, அயலவர் இயக்கம் ஒன்றை மதிப்பிடுவோர் அதன் கூட்டத்தின் பெருமையை மட்டும் நோக்குதல் போதாது. அது விவரம் திரட்டியதா, முடிவு செய்வோர் யாவர் என அறிந்து உரிய காலத்திற் பேசியதா, பக்கத்துத் தெருவாரையும் சேர்த்ததா என்பன அதன் வலிமையைக் காட்டும் வினாக்கள். மறுத்ததற்கு மாறாக யாது தந்தது, இன்னும் அங்கு வந்து சேராதார்க்கும் இடம் வைத்ததா என்பன அதன் நேர்மையைக் காட்டும் வினாக்கள். ஊர் கூடினால் தேர் ஓடும் என்பது பழமொழி. கூடுதல் மட்டுமன்றி, தேர் எத்தெருவிற் செல்லவேண்டும் என்பதனையும் கூடியோரே ஆராய்ந்து துணிதல் நகர வாழ்வில் மக்களாட்சியின் கடமையாகும்.