நான் உன் உடைமை இல்லை!

'யூ டோன்ட் ஓன் மீ' பாட்டைக் கேட்டிருக்கீங்களா? "நான் உன் உடைமை இல்லை" என்று ஒரு பெண் தன் காதலனிடம் சொல்லும் அமெரிக்கப் பாட்டு. 1963-ல் இதைப் பாடிய லெஸ்லி கோருக்கு வயசு 17தான்! எழுதியவர்கள் இரண்டு ஆண்கள்.

அன்று அது லேசான பேச்சு இல்லை. கணவன் கையெழுத்து இல்லாமல் பெண்ணுக்குக் கடன் தர அங்கே வங்கிகள் மறுக்கலாம். அதைத் தடுக்கும் சட்டம் 1974-ல்தான் வந்தது.

2015-ல் ஆஸ்திரேலியப் பாடகி கிரேஸ் இதை மறுபடி பாடினார். இரண்டு பதிவிலும் தயாரிப்பாளராக குயின்சி ஜோன்ஸ் இருந்தார். புதுசில் ஜி-ஈஸி என்ற ஆணின் ராப்பும் உண்டு. தாளம் ஜோர்தான்! ஆனா எனக்குப் பிடிச்சது பழசு. அதில் அந்தப் பொண்ணு பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்கே எந்த ஆணும் பேசலை.

நம்ம வகுப்பிலும் அப்படிக் கேட்டுப் பார்ப்போமா?