உங்களுக்குத் தெரியுமா? மெம்பிஸ் பலகை சொல்லாமல் விட்ட தொழில்

மிசிசிப்பி ஆற்றங்கரை நகரமான மெம்பிஸில், அடிமைச் சந்தை நடத்தியவரின் வீடு இருந்த இடத்தைக் காட்ட 1955இல் நட்ட வரலாற்றுப் பலகையில் ‘அடிமை’ என்ற சொல்லே இல்லை! அந்த வீட்டுக்காரர், அமெரிக்க உள்நாட்டுப் போரின் தென்மாநிலப் படைத் தளபதி நேதன் பெட்ஃபோர்ட் ஃபாரஸ்ட், வியாபாரத்தில் செல்வந்தரானார் என்பதோடு அது நிறுத்திக்கொண்டது.

எழுதியதில் பொய் ஏதும் இல்லையே, வீட்டைக் குறிக்கும் பலகையில் தொழில் விவரம் எதற்கு என்று கேட்கலாம். செல்வம் சேர்ந்த பேச்சைப் பலகையே எடுத்ததே; எதை விற்றுச் சேர்ந்தது என்பதை மட்டும் விழுங்கியதுதான் குறை. ஒளித்துச் செய்த தொழிலும் அல்ல அது. 1855-56 நகர விவரப் புத்தகத்தில் ‘ஃபாரஸ்ட் அண்டு மேப்பிள்ஸ், ஆடம்ஸ் தெரு 87’ என்று கதவு எண்ணோடு விளம்பரம். வயலாட்கள், வீட்டு வேலையாட்கள், கைத்தொழிலாளர்கள் எப்போதும் இருப்பில் உண்டாம், ஏதோ ஜவுளிச் சரக்கு மாதிரி. வியாபாரி ஊரறியச் சொன்னதை 100 ஆண்டு கழித்துப் பலகை எழுதியவர்கள் மறைத்தார்கள்.

மார்ட்டின் லூதர் கிங் இதே நகரில் சுடப்பட்டதன் 50ஆம் ஆண்டு நினைவு நாளான 2018 ஏப்ரல் 4 அன்று அங்கே புதுப் பலகை வந்தது. கால்வரி எபிஸ்கோபல் தேவாலயம், ரோட்ஸ் கல்லூரி, தேசியப் பூங்காத் துறை மூன்றும் சேர்ந்து வைத்த அதில் அடிமை வணிகம் தலைப்பிலேயே இருக்கிறது.