ஓலைப்பெட்டிக்கு என்ன விலை?

கடந்த ஆண்டு திருச்செந்தூர் பக்கத்தில் ஒரு கடலோர ஊருக்குத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். ஆலயத்துக்கு வெளியே, தரையில் சாக்கை விரித்து, வயதான ஓர் அம்மா பனை ஓலைப்பெட்டிகளை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். மூடியும் சாயக் கோலமுமாக ஒரு பெட்டி என் கண்ணில் பட்டது. விலை கேட்டேன். 250 ரூபாய் என்றார். வழக்கம்போல நான் 120 என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பொழுது சாயுது அண்ணாச்சி, கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும். 150 குடுத்துட்டு எடுத்துக்கிடுங்க" என்றார்.

நூறு ரூபாய் மிச்சம் பிடித்த மகிழ்ச்சியில் வீடு வந்தேன். அந்த நூறு ரூபாய் யாருடைய பையிலிருந்து வந்தது என்ற கேள்வி பின்னர்தான் எழுந்தது. மணப்பாடு தொடங்கி அந்தக் கரையோர ஊர்களில் பல குடும்பங்களுக்குப் பனை ஓலை வேலை பழகிய தொழில். ஓலை முடையும் சில பெண்களோடு உட்கார்ந்து ஒரு பெட்டியின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். ஊருக்கு ஊர் எண்கள் மாறும். ஆனால் கணக்குப் போடும் முறை எந்தக் கைவினைப் பொருளுக்கும் ஒன்றுதான்.

முதலில் பொருள் செலவு. பனையேறி வெட்டித் தரும் குருத்தோலைக்கு 30 ரூபாய். சாயத்துக்கும் அதைக் கொதிக்க வைக்கும் விறகுக்கும் 12 ரூபாய். நூலுக்கும் உள்துணிக்கும் 8 ரூபாய். ஆக 50 ரூபாய்.

அடுத்து, கண்ணில் படாத செலவு. கத்தி, ஊசி, பாத்திரம் தேய்கின்றன. மழை வந்தால் காயப்போட்ட ஓலை கறுத்துப் போகிறது. பத்துப் பெட்டியில் ஒன்று கோணலாகிக் கழிந்துவிடுகிறது. இதற்கெல்லாம் ஒரு பெட்டிக்கு 30 ரூபாய் என்று வைப்போம்.

மூன்றாவது, நேரம். பெரும்பாலோர் கணக்கில் சேர்க்க மறப்பது இதைத்தான். ஓலையைக் கிழித்து ஈர்க்கு நீக்க ஒரு மணி நேரம், சாயம் போட்டுக் காயவைக்க ஒரு மணி நேரம், முடைய மூன்று மணி நேரம், விளிம்பு கட்டி மூடி பொருத்த ஒரு மணி நேரம். ஆக ஆறு மணி நேரம். "அடுப்பில் சோறு வேகும்போது முடைந்ததுதானே" என்று அந்தப் பெண்களே சொல்கிறார்கள். ஆனால் இடையிடையே செய்தாலும் அது உழைப்புதான்.

அந்த நேரத்துக்கு என்ன கூலி? நூறு நாள் வேலைக்கு மத்திய அரசு 2025 ஏப்ரல் முதல் தமிழகத்துக்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 42 ரூபாய். தனித் திறமை எதுவும் வேண்டாத வேலைக்கான கூலி இது. பல ஆண்டுப் பழக்கம் கைவந்த ஒருவருக்கு இதைவிடக் குறைவாகக் கொடுப்பதற்கு நியாயமே இல்லை. ஆறு மணி நேரத்துக்கு 252 ரூபாய். பொருள் செலவு 50, மற்ற செலவு 30 சேர்த்தால் 332 ரூபாய் ஆகிறது.

வீட்டு வாசலில் வைத்துக் கொடுத்தாலே இவ்வளவு. திருவிழாவுக்குக் கொண்டுவந்து விற்றால் பஸ் கட்டணமும் ஒரு நாள் காத்திருப்பும் கூடும். கடைக்காரர் வாங்கி விற்றால் வாடகை, ஆள் கூலி, விற்காமல் தேங்குவது ஆகியவற்றுக்காக அவரும் விலையைக் கூட்டியாக வேண்டும். கடையில் விலை இரு மடங்காக இருப்பதாலேயே அது கொள்ளை ஆகிவிடாது. செய்தவருக்கு அதில் முழுக் கூலி போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வி.

இப்போது அந்த அம்மாவிடம் திரும்புவோம். அவர் கேட்ட 250 ரூபாயில் செலவு 80 போக மீதி 170. மணிக்கு 28 ரூபாய். அதாவது, பேரம் பேசும் முன்பே அவர் தன் உழைப்பைக் குறைத்துத்தான் விலை சொல்லியிருக்கிறார். நான் கொடுத்த 150 ரூபாயில் மீதி 70. மணிக்கு 12 ரூபாய்கூட இல்லை. பனையேறியோ சாயக்கடைக்காரரோ பஸ் நடத்துநரோ தங்கள் தொகையைக் குறைத்துக்கொள்ள மாட்டார்கள். பேரத்தில் குறையும் ஒவ்வொரு ரூபாயும் செய்தவரின் கூலியிலிருந்தே போகிறது.

"அவர்தானே சம்மதித்துக் கொடுத்தார்?" என்று நாம் கேட்கலாம். திருத்தந்தை 13ஆம் லியோ 1891-இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல் இந்தக் கேள்வியை நேராக எதிர்கொள்கிறது. தேவையின் நெருக்கடியால் ஒருவர் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டால், அது சுதந்திரமான சம்மதம் அல்ல, அநீதியே என்று அது கற்பிக்கிறது. திருத்தந்தை 6ஆம் பவுல் 1967-இல் 'போப்புலோரும் ப்ரோக்ரெஸ்ஸியோ' மடலில் இதே நியாயத்தை நாடுகளுக்கிடையேயான வணிகத்துக்கும் பொருத்தினார். கடைசி பஸ்ஸும் ஒரு நெருக்கடிதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. நூறு ரூபாய்க்குப் பிளாஸ்டிக் கூடை கிடைக்கும்போது 332 ரூபாய் கொடுத்து யார் வாங்குவார்? இது உண்மையான சிக்கல். விலை எடுபடாதபோது கூலியில் கைவைப்பது எளிது, ஆனால் அது தீர்வாகாது. நேரத்தைக் குறைக்க வழி தேடலாம். பலர் சேர்ந்து மொத்தமாக ஓலை கிழித்துச் சாயமிட்டால் ஒரு பெட்டிக்கு ஆகும் நேரம் குறையும். பிளாஸ்டிக்கோடு போட்டி போடும் கூடையை விட்டுவிட்டு, நகைப்பெட்டி, பரிசுப்பெட்டி போல வேலைப்பாட்டுக்கு மதிப்புள்ளவற்றைச் செய்யலாம். எப்படிப் பார்த்தாலும் கூலி கட்டாத பொருளைக் கைவிடுவதும் ஒரு நல்ல முடிவே.

வாங்குவோருக்கும் பங்கு உண்டு. 1989-இல் தொடங்கி இன்று உலக நியாய வணிக அமைப்பு என்று அறியப்படும் கூட்டமைப்பு, கைவினைஞர் கேட்டால் பாதித் தொகையையாவது வட்டியின்றி முன்பணமாகத் தரவேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. ஓலையும் சாயமும் வாங்கக் கடன்பட்டவர், கிடைத்த விலைக்கு விற்றே ஆகவேண்டும் என்பதால் வந்த விதி இது. நம் பங்குகளும் பள்ளிகளும் விழாக்களுக்குப் பரிசுப் பொருள் சொல்லும்போது இதைப் பின்பற்றலாம்.

அந்தப் பெட்டி இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. இந்த ஆண்டு அதே திருவிழாவுக்குப் போனேன். அந்த அம்மா இல்லை. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ஒரு பெட்டியை எடுத்து, "இதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆச்சும்மா?" என்று கேட்டேன். அவர் வியப்போடு என்னைப் பார்த்துவிட்டு, மணிகளை விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அடுத்த முறை பேரம் பேச வாய் திறக்கும் முன், நாமும் இந்த ஒரு கேள்வியைக் கேட்போமா?